பார்டர் அடைச்ச பிறகு அம்மாவோட கீமோ: கொரோனா காலத்துல நாங்க படிச்சது

எங்கயோ ஒரு புது காய்ச்சல் பரவுதுன்னு டிவில ஸ்க்ரோல் ஓடினா போதும், எங்க சொந்தத்துல கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கிறவங்க வீட்டுல இருந்து எனக்கு போன் வந்துரும். "அம்மைக்கு கொரோனா நேரத்துல நீங்க என்ன செய்தீங்க?" இதான் கேள்வி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல, மார்த்தாண்டத்துல ஒரு கடையில கணக்கு எழுதுறவ. அதனால மருந்து விஷயத்துல நான் சொல்றத வச்சு நீங்களா எதையும் மாத்தாதீங்க, உங்க டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க மட்டும் இத வச்சுக்கோங்க.

குமரி மாவட்டத்துல மேற்க இருக்கிறவங்களுக்கு இது தெரியும், எங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரின்னா மதுரையும் கிடையாது சென்னையும் கிடையாது, திருவனந்தபுரம்தான். களியக்காவிளை தாண்டிட்டா கேரளா, அப்புறம் ட்ராஃபிக் இல்லன்னா ஒரு மணி நேரத்துல மெடிக்கல் காலேஜ், அந்த வளாகத்துலயே ஆர்சிசி, அதாவது ரீஜனல் கேன்சர் சென்டர். கட்டின்னு யாராவது சொன்னாலே எங்க ஊர்ல "ஆர்சிசிக்கு கொண்டு போ"ங்கிறதுதான் பேச்சு. அம்மாவுக்கும் அப்படித்தான். 2019 டிசம்பர்ல மார்புல ஆபரேஷன், அக்குள்ல இருந்த நெறிகட்டியும் எடுத்தாச்சு, ஜனவரி நடுவுல கீமோ ஆரம்பிச்சுது. மூணு வாரத்துக்கு ஒருக்கா, மொத்தம் எட்டு. முதல் நாலும் அட்ரியாமைசின் சேர்ந்தது, சிவப்பா இருக்கும், போட்டுட்டு வந்தா மூத்திரமும் சிவப்பா போகும், அத முன்னாடியே சொல்லி வைக்கலன்னா வீட்டுல ஒரே கலவரம்தான். அடுத்த நாலும் டோசிடாக்செல். அதுக்கப்புறம் ரேடியேஷன், அதுக்கப்புறம் வருஷக்கணக்கா மாத்திரை. இதுதான் ப்ளான்.

நாலு சிவப்பு மருந்து முடிஞ்ச நேரத்துல லாக்டவுன். மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு பிரதமர் பேசி முடிச்சதும் ஊரே அரிசி பருப்பு வாங்க ஓடுச்சு, நானும் அப்பாவும் காலண்டர எடுத்து வச்சு எண்ணிட்டு இருந்தோம். 21 நாள்னா ஏப்ரல் 14 வரைக்கும், அம்மாவோட அடுத்த கீமோ அதுக்கு முன்னாடியே வருது. களியக்காவிளையில தடுப்பு போட்டாச்சு. பஸ் இல்ல, ட்ரெயின் இல்ல. அந்தப் பக்கம் காசர்கோட்டுல இருந்து மங்களூர் போற ரோட்ட தலப்பாடில கர்நாடகா அடைச்சு, ஆம்புலன்ஸ்ல போன நோயாளிங்க திரும்பி வந்து செத்துப் போனாங்கன்னு தினமும் நியூஸ், அது ஹைகோர்ட் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அத பாக்கப் பாக்க எங்களுக்கு வயித்துல புளி கரைக்குது. அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டுற வேலை, அதுவும் நின்னு போச்சு, கையில காசு கிடையாது. அம்மா என்னடான்னா, "மக்ளே, இப்பம் போனா கொரோனா வரும், போகல்லேன்னா இது கூடும், ரெண்டுல எது வந்தாலும் ஒண்ணுதான், நான் வீட்டிலயே கிடக்கேன்"னு சொல்லிட்டாங்க.

இந்த "ரெண்டும் ஒண்ணுதான்"ங்கிற பேச்ச அப்போ எத்தனையோ வீட்டுல கேட்டேன். நிஜத்துல ரெண்டும் ஒண்ணு கிடையாது. எனக்கு அத புரிய வச்சது எங்க யூனிட் டாக்டர். ஆஸ்பத்திரி லைன் கிடைக்கவே பாதி நாள் ஆச்சு, கிடைச்ச அப்புறம் அவரு அவசரப்படாம பேசினாரு, தமிழும் மலையாளமும் கலந்து. "ஒரு வாரம் தள்ளினா ஒண்ணும் ஆகாது. ஒரு மாசம் தள்ள நான் சம்மதிக்க மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னாரு, ஆனா எங்களுக்கு அதுதான் தேவைப்பட்டுது. அதுவரைக்கும் தேதின்னா கல்லுல எழுதினதுன்னு ஒரு பயம், இல்லன்னா எல்லாம் போச்சுன்னு ஒரு விரக்தி. நடுவுல இத்தனை நாள் இடம் இருக்குன்னு தெரிஞ்ச உடனே யோசிக்க முடிஞ்சுது.

அதனால நான் எல்லாருக்கும் முதல்ல சொல்றது இதுதான், உங்க ட்ரீட்மென்ட்ல ஒவ்வொண்ணையும் தனித்தனியா கேளுங்க: இது எத்தனை நாள் தள்ளலாம், எதுக்கு மேல தள்ளக் கூடாது, தள்ளினா அந்த இடைவெளில வேற மாத்திரை ஏதாவது குடுக்க முடியுமா. எல்லாத்துக்கும் ஒரே பதில் வராது. ட்ரீட்மென்ட் முடிஞ்சு வருஷாவருஷம் எடுக்கிற மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஒண்ணு ரெண்டு மாசம் தள்ளலாம்னு சொல்லுவாங்க. எலும்புக்கு போடுற ஊசியும் பெரும்பாலும் அப்படித்தான். ஹார்மோன் மாத்திரைய ஒரு நாள் கூட விட வேண்டிய அவசியமே இல்ல, அது மெடிக்கல் ஷாப்ல வாங்கி வீட்டுல முழுங்குறதுதான, ரெண்டு மாசத்துக்கு சேத்து எழுதி வாங்கிருங்க. ஆனா அக்யூட் லுக்கீமியா மாதிரி ரத்தப் புத்துநோய்னா வாரக்கணக்குல கூட காத்திருக்க முடியாது, பாதில நிக்கிற ரேடியேஷனும் அப்படித்தான், நடுவுல இடைவெளி விழக்கூடாது. சில பேருக்கு ஹார்மோன் டைப் கட்டின்னா மாத்திரைய குடுத்து வளராம பிடிச்சு வச்சுட்டு ஆபரேஷன கொஞ்சம் தள்ளினாங்க, அது டாக்டர் பாத்து எடுத்த முடிவு, வீட்டுல இருந்து எடுத்தது இல்ல. அந்த வருஷம் நவம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு பெரிய ஆய்வு வந்துது, கேன்சர் ட்ரீட்மென்ட் ஒவ்வொரு நாலு வாரம் தள்ளிப் போறதுக்கும் சாவோட ஆபத்து ஏறக்குறைய 6ல இருந்து 13 சதவீதம் வரைக்கும் கூடுதுன்னு. எங்க டாக்டர் ஏப்ரல்லயே போன்ல சொன்ன "ஒரு மாசம்" கணக்கு எங்க இருந்து வருதுன்னு அத படிச்சப்போதான் விளங்குச்சு.

சரி, தள்ளக்கூடாதுன்னு தெரிஞ்சுது, போறது எப்படி? ஏப்ரல்ல ஒரு நல்லது நடந்துது. கேரளா கவர்மென்ட் ஆர்சிசி பேஷன்டுங்க திருவனந்தபுரம் வராம அவங்கவங்க மாவட்ட ஆஸ்பத்திரிலயே கீமோ போட ஏற்பாடு பண்ணாங்க, மருந்து தீர்ந்தவங்களுக்கு ஃபயர் சர்வீஸ்காரங்களே வண்டில கொண்டு போய் குடுத்தாங்க. அதோட சேந்து, ஆர்சிசில பாத்துட்டு இருந்த குமரி மாவட்டக்காரங்களுக்கு நம்ம ஆசாரிப்பள்ளம் கன்னியாகுமரி மெடிக்கல் காலேஜ்லயே போட்டுக்கலாம்னு ரெண்டு பக்கமும் பேசி முடிவாச்சு. பேஷன்ட் பார்டர தாண்டாம ட்ரீட்மென்ட் பார்டர தாண்டி வந்துது. எனக்கு இன்னிக்கும் இதான் அந்தக் காலத்துலயே பெரிய விஷயமா தெரியுது, மாஸ்க்க விட, சானிட்டைசர விட.

ஆனா ட்ரீட்மென்ட் இடம் மாறணும்னா அது காகிதத்துலதான் மாறும். இத கொஞ்சம் விரிவா சொல்றேன். ஆசாரிப்பள்ளத்துல எங்களுக்கு முன்னாடி ஒரு வயசானவரு நின்னாரு, கையில ஓபி சீட்டு மட்டும் இருக்கு, "எல்லாம் அங்க கம்ப்யூட்டர்ல கிடக்கு டாக்டரே"ன்னு சொல்றாரு. இங்க இருக்கிற டாக்டருக்கு அந்த கம்ப்யூட்டர் தெரியாதே. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த எடைக்கு கணக்கு போட்டது, எத்தனாவது தடவை, எதுவும் தெரியாம விஷம் மாதிரி மருந்த யார் ஏத்துவாங்க? அவர குத்தம் சொல்ல முடியாது, டாக்டரையும் சொல்ல முடியாது. எங்ககிட்ட இருந்தது ஒரு நீல ஃபைல், அத அடுக்கி வச்சது சென்னையில ஒரு ஆஸ்பத்திரில கேன்சர் வார்டுல நர்ஸா இருக்கிற எங்க சித்தி மவ, ஆபரேஷன் சமயத்துல லீவுல வந்தவ. பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் முடிஞ்ச பிறகு வந்த பெரிய பேத்தாலஜி ரிப்போர்ட், கட்டி எந்த வகைன்னு ஹார்மோனும் ஹெர்2ங்கிற புரதமும் பாத்த ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ சார்ட் (ஒவ்வொரு தடவையும் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் போச்சுன்னு எழுதினது), எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், கடைசி ரத்த டெஸ்ட், எந்த மருந்துக்கு அலர்ஜி ஆச்சுங்கிறது. அந்த சிவப்பு மருந்துக்கு ஆயுசுக்கே இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு, அதுக்கு மேல போனா இதயத்த பாதிக்கும், அதனால இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு போயிருக்குன்னு எழுத்துல இல்லன்னா புது டாக்டர் இருட்டுல தடவ வேண்டியதுதான். எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து, வாட்ஸாப்ல வீட்டுல மூணு பேருக்கு அனுப்பி வச்சிருங்க. போட்டோ எடுக்கும்போது ஓரத்துல இருக்கிற ஆஸ்பத்திரி நம்பர் வெட்டுப்படாம எடுங்க, அது இல்லன்னா போன்ல கேட்டா எடுத்துப் பாக்க அவங்களால முடியாது.

கீமோவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரத்தம் குடுக்கணும். அதுக்கு நாகர்கோவில் வரைக்கும் ஓட வேணாம், பக்கத்து லேப்ல எடுத்து ரிப்போர்ட்ட போன்ல அனுப்பலாம்னு சொல்லிட்டாங்க. நியூட்ரோஃபில் (தொத்த எதிர்க்கிற ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை 1500க்கு மேல, ப்ளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல இருந்தா வாங்கன்னு. கம்மியா இருந்தா அங்க போய் திரும்பி வர்ற அலைச்சல் மிச்சம். கீமோக்கு மறுநாள் வெள்ளணு கூட ஒரு ஊசி, அத ஐஸ் பேக் வச்ச டப்பால கொண்டு வந்து ஃப்ரிட்ஜ்ல வச்சோம், ஃப்ரீசர்ல வச்சிராதீங்க, மருந்து வீணாப் போயிரும். தெருக்கோடியில ஒரு ரிட்டயர்ட் நர்ஸ் அக்கா வந்து போட்டுட்டு போவாங்க, காசு குடுத்தா வாங்க மாட்டாங்க, முருங்கைக்காய் குடுத்தா வாங்கிப்பாங்க. டோசிடாக்செலுக்கு முந்தின நாளே டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கணும், வண்டி பாஸ் கிடைக்குமா கிடைக்காதாங்கிற பரபரப்புல அது மறந்து போகும், அதனால பாஸ் தேதியும் மாத்திரை தேதியும் ஒரே காகிதத்துல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினோம்.

ஆசாரிப்பள்ளத்துல கொரோனா வார்டும் அதே வளாகம்தான். அம்மா வண்டிய விட்டு இறங்கவே மாட்டேன்னு. டே கேர்னா கீமோ போட்டு அன்னிக்கே அனுப்புற வார்டு, அதுக்கு தனி வழி, தனி கட்டில், கூட ஆள் விட மாட்டாங்க. கேன்சர் பேஷன்ட் தனியா உள்ள போறதுங்கிறது நம்ம ஊர்ல நினைச்சுப் பாக்க முடியாத விஷயம், ஒருத்தருக்கு கீமோன்னா வேன் நிறைய ஆள் போறதுதான வழக்கம். படிக்கத் தெரியாத, காது கேக்காத பெரியவங்கள தனியா அனுப்பணும்னா, பேரு, ஆஸ்பத்திரி நம்பர், நோய், அலர்ஜி, சுகர் மாத்திரை, வீட்டு போன் நம்பர், எல்லாம் பெரிய எழுத்துல ஒரு பக்கத்துல எழுதி சட்டைப்பையிலயோ பர்ஸ்லயோ வச்சு அனுப்புங்க. எந்தக் கையில ஊசி போடக்கூடாதுன்னும் எழுதுங்க, அக்குள் நெறிகட்டி எடுத்த பக்கம் குத்த வேண்டாம், பிபி பாக்க வேண்டாம்னு எங்கள சொல்லி அனுப்பியிருந்தாங்க, பேஷன்ட் தூக்கத்துல இருந்தா யார் சொல்றது?

இப்போ காய்ச்சல் கதை. இத நிதானமா படிங்க, ஏன்னா இதுதான் உயிர் விஷயம்.

கீமோ போட்டு ஏழுல இருந்து பதினாலு நாளுக்குள்ள வெள்ளணு அடிமட்டத்துக்கு போகும். அந்த நேரத்துல 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா அது எமர்ஜென்சி, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும். ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்பு வழியா ஆன்டிபயாடிக் ஏறணும்னு டாக்டருங்களோட கணக்கு. சாதாரண காலத்துல இதுல குழப்பமே இல்ல. கொரோனா காலத்துல காய்ச்சல்னு சொன்னாலே வாசல்ல தடுத்தாங்க. மே மாசம் ஒரு ராத்திரி அம்மாவுக்கு 101 தாண்டிச்சு. பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, கேட்ல செக்யூரிட்டி காய்ச்சல் பாக்குற துப்பாக்கி தெர்மாமீட்டர நெத்தில நீட்டினாரு, சிவப்பு காட்டிச்சு, அவ்வளவுதான், டெஸ்ட் ரிசல்ட் இல்லாம உள்ள எடுக்க மாட்டோம்னாங்க. ரிசல்ட் வர அப்போ ஒரு நாளோ அதுக்கு மேலயோ. அந்த ஒரு நாள் எங்ககிட்ட இல்ல.

எங்ககிட்ட இருந்தது ஒரு லெட்டர். அதுவும் சித்தி மவ புத்திதான், அவ வார்டுல இதே மாதிரி பாத்திருக்கா போல, "அக்கா, அடுத்த தடவை போகும்போது இப்படி ஒரு லெட்டர் வாங்கிக்கோ"ன்னு சொல்லியிருந்தா. டாக்டர் அத ஆஸ்பத்திரி பேடுல சீல் போட்டு குடுத்திருந்தாரு. இன்னார் கீமோல இருக்காங்க, கடைசியா இந்தத் தேதி போட்டது, காய்ச்சல் வந்தா வெள்ளணு குறைஞ்சதால வந்த தொத்துன்னு எடுத்துக்கிட்டு உடனே ரத்த எண்ணிக்கையும், கிருமி இருக்கான்னு பாக்குற கல்ச்சரும் எடுத்து ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கவும், கொரோனா டெஸ்ட் கூடவே எடுக்கவும், ரிசல்ட்டுக்காக காத்திருக்க வேண்டாம், கீழ மருந்து பேரும் போன் நம்பரும். அடுத்த ஆஸ்பத்திரில அத நீட்டினேன். ட்யூட்டில சின்ன வயசு டாக்டர், ரெண்டு தடவை படிச்சாரு, அப்புறம் காய்ச்சல் கூட்டத்துல உக்கார வைக்காம பின்பக்கமா ஒரு தனி ரூமுக்கு கூட்டிட்டு போயிட்டாரு. ரத்தம் எடுத்த உடனே மருந்து ஏறிச்சு. வெள்ளணு மொத்தமே ஆயிரத்துக்கு கீழன்னு அப்புறம் ரிப்போர்ட் வந்துது. கொரோனா நெகட்டிவ்னு அதுக்கும் அடுத்த நாள் சாயங்காலம் வந்துது. அந்தப் பையன் டாக்டருக்கு அந்த லெட்டர் ஒரு தைரியம் குடுத்துதுன்னு நினைக்கிறேன், மேல யாராவது கேட்டா காட்ட ஒரு காகிதம் வேணும்ல. இந்த மாதிரி லெட்டர் கொரோனா இல்லாத காலத்துக்கும் நல்லதுதான், நம்ம ஊர் கேஷுவாலிட்டில கீமோ பேஷன்டோட காய்ச்சல வைரல் ஃபீவர்னு மாத்திரை குடுத்து அனுப்புறது இப்பவும் நடக்குது. வீட்டுல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வச்சுக்கோங்க, நெத்தி துப்பாக்கிய நம்பாதீங்க. ஜுரம் மாதிரி இருக்குன்னு தோணின உடனே பாரசிட்டமால போட்டு அமுக்காதீங்க, முதல்ல அளந்து எழுதுங்க. டெக்ஸாமெத்தசோன் எடுக்கிற நாள்ல காய்ச்சல் மறைஞ்சும் இருக்கும், அதனால குளிர், நடுக்கம், மயக்கம்னா அளவு நார்மலா இருந்தாலும் போன் பண்ணுங்க.

டாக்டர், நர்ஸ் பக்கம் எப்படி இருந்துதுன்னு சித்தி மவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜூன்ல சென்னையில கேஸ் ஏறி 19ல இருந்து 30 வரைக்கும் மறுபடி முழு ஊரடங்கு போட்டாங்கல்ல, அந்த நேரம். வார்டு ஸ்டாஃப ரெண்டு டீமா பிரிச்சாச்சு, ஒரு டீம்ல யாருக்காவது வந்தா இன்னொரு டீம் ஓட்டணும். கீமோ நாற்காலிங்கள இடைவெளி விட்டுப் போட்டதுல ஒரு நாளைக்கு போடுற ஆளுங்க எண்ணிக்கை குறைஞ்சு போச்சு, ஆனா லிஸ்ட்டு குறையல. பிபிஇங்கிற பாதுகாப்பு உடை போட்டுட்டு, ரெண்டு கிளவுஸ், கண்ணாடி முழுக்க ஆவி, அதோட கீமோ போட்டுப் போட்டு சுருங்கின நரம்பத் தேடி ஊசி குத்தணும். "பேஷன்ட் என் முகத்தையே பாக்கல அக்கா, என் குரல மட்டும்தான் தெரியும், கைய பிடிச்சா கூட ரப்பரா இருக்கும்"னா. ஹாஸ்டல் ஓனர் காலி பண்ணச் சொன்னாராம், நீ ஆஸ்பத்திரில இருந்து வர்றேன்னு. கெட்ட செய்திய வீட்டுக்காரங்களுக்கு வீடியோ கால்ல சொல்றதுக்கு டாக்டர் பக்கத்துல போன பிடிச்சுட்டு நின்ன நாள் எல்லாம் உண்டாம். அத பத்தி அவ அதிகம் பேசுறது இல்ல, நானும் கேக்குறது இல்ல.

டாக்டருங்களுக்கும் ஆரம்பத்துல உறுதியா எதுவும் தெரியாது, அத நாம புரிஞ்சுக்கணும். 2020 பிப்ரவரில சீனாவுல இருந்து வந்த முதல் ரிப்போர்ட்ல கேன்சர் இருந்தவங்களுக்கு கொரோனா வந்தா 39 சதவீதம் பேருக்கு கடுமையாச்சு, மத்தவங்களுக்கு 8 சதவீதம்தான்னு இருந்துது. கேக்க பயங்கரமா இருக்கா? ஆனா அதுல கேன்சர் பேஷன்டுங்க மொத்தமே 18 பேரு. அந்த 18 பேர வச்சு உலகம் பூரா கீமோவ தள்ளலாமா வேண்டாமான்னு யோசிச்சாங்க. மே கடைசில பிரிட்டன்ல 800 கேன்சர் பேஷன்டுகள வச்சு வந்த ஆய்வுல, வயசும் மத்த நோயும்தான் சாவ முடிவு பண்ணுது, சமீபத்துல கீமோ போட்டதால மட்டும் சாவு கூடலன்னு வந்துது. அதுக்கப்புறம் டாக்டருங்க குரல்லயே ஒரு மாத்தம் தெரிஞ்சுது. மும்பை டாடா மெமோரியல்ல அதுக்கும் முன்னாடியே, முதல் லாக்டவுன் நடக்கும்போதே பெரிய கேன்சர் ஆபரேஷன நிறுத்தாம பண்ணிட்டுதான் இருந்தாங்க.

எல்லா இடத்துலயும் அப்படி முடியல. நாடு முழுக்க 41 கேன்சர் சென்டர் கணக்க எடுத்து 2019 மார்ச்-மே மாசத்தோட 2020 மார்ச்-மே மாசத்த ஒப்பிட்டு லான்செட் ஆன்காலஜில போட்டாங்க. புதுசா பதிஞ்சவங்க 1,12,270ல இருந்து 51,760க்கு இறங்கிட்டாங்க, 54 சதவீதம் கம்மி. பெரிய ஆபரேஷன் 49 சதவீதம் கம்மி, டே கேர் கீமோ 37 சதவீதம் கம்மி, ரேடியேஷன் 23. இதுல எனக்கு உறுத்துறது முதல் நம்பர்தான். எங்கள மாதிரி ஏற்கனவே உள்ள போனவங்களுக்கு ஏதோ ஒரு டாக்டர், ஒரு ஃபைல், ஒரு போன் நம்பர் இருந்துது. கட்டி இருக்குன்னு தெரிஞ்சும் இன்னும் ஓபி சீட்டே போடாதவங்களுக்கு என்ன இருந்துது? எங்க தெருவுலயே ஒரு அக்கா, ஏப்ரல்ல கட்டிய தடவிப் பாத்திருக்காங்க, எல்லாம் திறக்கட்டும்னு இருந்தாங்க, அப்புறம் பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ், அப்புறம் கடன், கிறிஸ்மஸ் கழிச்சுதான் யார்கிட்டயோ வாய திறந்தாங்க. அப்போ புண்ணாயிருந்துது. புதுக் கட்டி, காரணமில்லாம ரத்தம் போறது, ஆறாத வாய்ப்புண், இதெல்லாம் லாக்டவுன்லயும் தள்ளக்கூடாத லிஸ்ட்டு. ஆஸ்பத்திரி ஓபி மூடியிருந்தாலும் எமர்ஜென்சி எப்பவும் திறந்திருந்துது, ஒரு ஸ்கேனும் ஊசி டெஸ்ட்டும் மட்டுமாவது எடுத்து வச்சா வரிசையில ஒரு இடம் கிடைக்கும்.

இன்னொருத்தர், எங்க அப்பாவோட கூட்டாளி, நாக்குல கேன்சர், இனி ட்ரீட்மென்ட் வேண்டாம் வலிக்கு மட்டும் பாக்கலாம்னு வீட்டுக்கு அனுப்பினவங்க. அவருக்கு மார்ஃபின் மாத்திரை தீர்ந்து போச்சு. மார்ச் 25ல மத்திய அரசு டெலிமெடிசின் விதி கொண்டு வந்தாங்க, போன்ல பாத்து மருந்து எழுதலாம்னு, பெரிய உபகாரம்தான், ஆனா அதுல மார்ஃபின் மாதிரி போதை வகை மருந்த போன்ல எழுதக் கூடாது. சாதாரண மெடிக்கல் ஷாப்லயும் கிடைக்காது. அவங்க பையன் ஃபைலையும் அடையாள அட்டையையும் எடுத்துட்டு, பாஸ் வாங்கி, பைக்ல நேர்ல போய்தான் வாங்கிட்டு வர வேண்டியதாச்சு, அதுவரைக்கும் அந்த வீட்டுல யாரும் தூங்கல. மார்ஃபின் எடுக்கிற பேஷன்ட் வீட்டுல இருந்தா பத்து நாள் மருந்து பாக்கி இருக்கும்போதே ஓடுங்க. மலச்சிக்கல் மாத்திரையும் சேத்து வாங்குங்க, அது தீர்ந்தாலும் அவஸ்தைதான்.

அம்மாவுக்கு கீமோ ஜூன்ல முடிஞ்சுது. ரேடியேஷன் இடம் மாத்துறது கீமோ மாதிரி சுலபம் இல்ல, எந்த மெஷின்ல ப்ளான் போட்டாங்களோ அந்த மெஷின்லதான் முடிக்கணும். அதனால கேரளாவுக்குள்ள போக வேண்டிய ஜாக்ரதா பாஸ் போட்டு, இஞ்சிவிளை செக்போஸ்ட் வழியா போய், மெடிக்கல் காலேஜ் பக்கத்துல ஒரு ரூம் எடுத்தோம். ஸ்கேன் எடுத்து, உடம்புல மார்க் போட்டு, ஆரம்பிக்கிற நேரத்துல ஜூலை 6, திருவனந்தபுரம் டவுன்ல ட்ரிப்பிள் லாக்டவுன். பூந்துறைல கூட்டமா வந்துட்டுது, கடை இல்ல, ஆட்டோ இல்ல. தினமும் போய் வர்ற மாதிரி தூரத்துல ரூம் எடுத்திருந்தா கஷ்டப்பட்டிருப்போம், நடந்து போற தூரம்ங்கிறதால தப்பிச்சோம். வாடகை அதிகம்தான், ஆனா ரேடியேஷனுக்கு ரூம் எடுக்கிறதுன்னா காச பாக்காம தூரத்த பாருங்க. கேஸ் அடுப்பு இருக்கிற ரூமா பாருங்க, கஞ்சி வைக்கவாவது ஆகும். ஒரு விஷயம் கேட்டு வச்சுக்கோங்க: முன்ன அஞ்சு வாரம், 25 தடவை குடுத்துட்டு இருந்தத மூணு வாரம், 15 தடவைன்னு சுருக்கலாம்னு ரொம்ப வருஷமாவே நிரூபிச்சு வச்சிருக்காங்க. 2020 ஏப்ரல்ல பிரிட்டன்ல இருந்து வந்த ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வுல ஒரே வாரம், அஞ்சு தடவைலயே சில பேருக்கு முடிக்கலாம்னு வந்துது, ஆஸ்பத்திரி வர்ற நாள் குறையும்ங்கிறதால பல டாக்டருங்க அத உடனே பிடிச்சுக்கிட்டாங்க. அம்மாவுக்கு நெறிகட்டி பக்கமும் குடுக்கணும்கிறதால 15தான் சரின்னாங்க. எல்லாருக்கும் ஒத்து வராது, ஆனா கேக்குறதுக்கு காசு இல்லையே.

தடுப்பூசி பத்தியும் கேப்பாங்க. 2021 மார்ச் 1ல இருந்து 60 வயசு தாண்டினவங்களுக்கும், 45 தாண்டி நோய் உள்ளவங்களுக்கும் போட ஆரம்பிச்சாங்க, ட்ரீட்மென்ட்ல இருக்கிற கேன்சர் பேஷன்டும் அந்த நோய் லிஸ்ட்ல உண்டு. அம்மா அப்போ லெட்ரோசோல்ங்கிற ஹார்மோன் மாத்திரைல இருந்தாங்க, அதுக்கு தேதி எல்லாம் பாக்க வேண்டாம் எப்போ வேணாலும் போடலாம்னாரு டாக்டர், கீமோல இருக்கிறவங்களுக்குத்தான் எந்த நாள்னு கேட்டுப் போடணும். ஆபரேஷன் பண்ணாத பக்கத்துக் கையில போடச் சொல்லுங்க. ஊசி போட்ட பக்கம் அக்குள்ல நெறி வீங்கும், அது கொஞ்ச நாள்ல வத்தும், ஆனா கேன்சர் வந்த பக்கமே வீங்கினா ஸ்கேன்ல பாக்குற டாக்டர் உட்பட எல்லாரும் கதிகலங்கிப் போவாங்க. அதே மாதிரி மேமோகிராம் இருந்தா முன்னாடியே எடுத்துருங்க, இல்லன்னா ஊசி போட்ட தேதியையும் கையையும் சொல்லிட்டு எடுங்க. எங்க வீட்டுல இத சொல்லியும் கேம்ப்ல அந்தப் பொண்ணு வழக்கமா இடது கைன்னு சட்டைய தூக்கச் சொல்லிட்டா, அம்மாவே "எனக்கு இந்தக் கை ஆகாது பிள்ளே"ன்னு மறு பக்கம் திரும்பி உக்காந்துட்டாங்க.

ரெண்டாவது அலை மே 2021ல வந்தப்போ அப்பாவுக்கு வந்துது, அம்மாவ மாடில தனியா வச்சோம், அவங்களுக்கு வரல. அந்த நேரம் ரிவ்யூவ போன்லயே முடிச்சாங்க, ரத்த ரிப்போர்ட்டும், தழும்பு இருக்கிற இடத்தோட போட்டோவும் அனுப்பி. போட்டோ அனுப்ப அம்மாவுக்கு கூச்சம், ஃபோன வேற யாராவது பாத்துட்டா என்ன பண்றதுன்னு, அனுப்பின உடனே ரெண்டு பக்கமும் அழிச்சிரணும்னு சொன்ன அப்புறம்தான் சம்மதிச்சாங்க. இப்பவும் இடையில வர்ற சந்தேகத்துக்கு போன்தான், வருஷத்துக்கு ஒருக்கா மேமோகிராமுக்கு மட்டும் பார்டர் தாண்டிப் போறோம், நீல ஃபைலோட.